தியாகத்தின் பெயரால்: தாதியரின் கடமை நேரம் குறித்துச் சில கருத்துக்கள்

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி நமது வைத்தியசாலைகளிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. 1820இல் அந்நாளிற் பிறந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் நினைவாக அத்தினம் உலகெங்கும் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மேடையில் அமர்ந்திருப்போர் தாதியரைத் தாயென்பர், தெய்வமென்பர், தம்மை உருக்கிப் பிறர்க்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி என்பர். பேச்சுக்கள் ஓய்ந்ததும் அத்தெய்வங்களில் ஒரு பகுதியினர் தத்தம் விடுதிகளுக்கு விரைவர். மாலை 7 மணிக்குக் கடமையேற்பின் மறுநாட் காலை 7 மணிக்கே அவர்கள் வெளியே வருவர். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலங்களைப் பற்றி மேடையில் எவரும் பேச நாம் கேட்டதில்லை.

மெழுகுவர்த்தி என்னும் உவமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. உருகுதல் மெழுகின் இயல்பு. அதற்காக எவரும் வருந்துவதுமில்லை, எவரையும் குற்றஞ்சாட்டுவதுமில்லை. ஒன்று உருகித் தீர்ந்தால் இன்னொன்றை எடுத்து ஏற்றுவதே வழக்கம். தாதியை மெழுகுவர்த்தியென வருணிப்போர் தாம் அறிந்தோ அறியாமலோ இந்த வழக்கத்தையே நியாயப்படுத்துகின்றனர்.

தியாகத்தைப் போற்றுதல் தவறன்று. ஆயின், அத்தியாகம் எவரிடமிருந்து, எவருடைய வசதியின் பொருட்டுப் பெறப்படுகிறது என்ற வினாவை எழுப்பாத போற்றுதல், அதனைத் தொடர்ந்து பெற்றுக்கொள்வதற்குரிய கருவியாகவே முடியும். தாதியரின் நீண்ட கடமை நேரத்திற்கு வழமையாக மூன்று நியாயங்கள் கூறப்படுகின்றன. அது சேவை மனப்பான்மையின் வெளிப்பாடு என்பது ஒன்று. அவர்களே விரும்பி ஏற்பது என்பது மற்றொன்று. வளங்குறைந்த நாட்டில் அது தவிர்க்கவியலாதது என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏற்கத்தக்கன அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். நீண்ட கடமை நேரம் ஆட்பற்றாக்குறையைத் தீர்ப்பதில்லை, அதனை மறைக்கிறது. அம்மறைப்பிற்கான விலையைத் தாதியின் உடலும் நோயாளியின் உயிருமே செலுத்துகின்றன.

நூற்றறுபத்தெட்டு மணித்தியாலங்கள்

வைத்தியசாலை இரவு பகலின்றி இயங்கும் நிறுவனமாகும். ஆலையின் இயந்திரத்தை நிறுத்தலாம், கந்தோரைப் பூட்டலாம், பாடசாலைக்கு விடுமுறை விடலாம். நோய்க்கு விடுமுறை இல்லை. வாரத்தின் 168 மணித்தியாலங்களிலும் விடுதியில் ஒரு தாதி இருந்தேயாதல் வேண்டும். ஒருவர் வாரத்திற்கு 40 மணித்தியாலம் பணிபுரிவாராயின், ஒரேயொரு தாதியின் இடத்தை இடையறாது நிரப்புவதற்கு 4.2 பேர் தேவை. வருடாந்த விடுமுறை, சுகவீன விடுமுறை, பிரசவ விடுமுறை, பயிற்சி ஆகியவற்றையும் கணக்கிற் கொண்டால் ஐவரளவில் வேண்டும். இது அரசியற் கோரிக்கையன்று. பாடசாலைப் பிள்ளையும் செய்து பார்க்கக்கூடிய வகுத்தற் கணக்கு.

இந்த 168 மணித்தியாலங்களை ஆறு மணித்தியாலத் துண்டுகளாக வெட்டினும், எட்டாக வெட்டினும், பன்னிரண்டாக வெட்டினும் மொத்தம் மாறுவதில்லை. அவ்வாறாயின் நீண்ட கடமை நேரத்தால் நிருவாகம் பெறும் இலாபம் யாது? இரு வழிகளில் அது கிடைக்கிறது. முதலாவது, கடமை மாறும்போது ஒரு தாதி மற்றவரிடம் விடுதியை ஒப்படைக்கும் நேரம். ஒவ்வோர் ஒப்படைப்பும் அரை மணித்தியாலம் எடுக்குமெனக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்று மாற்றங்கள் உள்ளவிடத்து ஒன்றரை மணித்தியாலமும், இரண்டு மாற்றங்கள் உள்ளவிடத்து ஒரு மணித்தியாலமும் செலவாகும். மிச்சம் அரை மணித்தியாலம். அவ்வற்ப மிச்சமும் நோயாளியின் நிலையை ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்கும் நேரத்திலிருந்தே வெட்டியெடுக்கப்படுகிறது.

இரண்டாவது வழியே பெரிது. அது மேலதிக நேரம். நாற்பது மணித்தியாலம் செய்யவேண்டியவர் அறுபது மணித்தியாலம் செய்வாராயின், அதே இடத்தை நிரப்ப 2.8 பேர் போதும். நியமிக்கப்பட வேண்டிய 4.2 பேரில் 1.4 பேர் காணாமற் போய்விடுகின்றனர். உண்மையில் அவர்கள் எங்கும் போகவில்லை. எஞ்சிய 2.8 பேரின் உடலுக்குள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றனர். கடமைப் பட்டியலை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு கட்டமேனும் வெறுமையாகத் தெரியாது. அனைத்தும் நிரம்பியிருக்கும். ஆளணி போதுமென்று மேலிடத்துக்கு அறிக்கையும் செல்லும். பற்றாக்குறை காகிதத்தினின்று அகற்றப்பட்டு மனித நரம்பில் எழுதப்படுவது இவ்வாறுதான்.

நமது அரச வைத்தியசாலைகளிற் பொதுவாக வழங்கிவரும் ஒழுங்கினை இவ்விடத்து நோக்குதல் பொருத்தமாகும். காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை ஒரு கடமை. 1 மணி முதல் மாலை 7 மணி வரை இன்னொன்று. மாலை 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை மூன்றாவது. பகல் இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது, இரவு பகுக்கப்படவில்லை. உடல் இயல்பாக இயங்கும் வேளைக்கு ஆறு மணித்தியாலமும், உடல் உறக்கத்தை வேண்டிநிற்கும் வேளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலமும் ஒதுக்கப்பட்டிருப்பது விந்தையே. இதற்குரிய காரணம் மருத்துவத்தில் இல்லை, வீதியில் உள்ளது. நள்ளிரவில் கடமை முடிந்து வீடு செல்லும் பெண்ணுக்கு பேருந்தும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. போக்குவரத்து ஒழுங்கு செய்யப்படாமையின் சுமையையும் தாதியின் உடலே தாங்குகிறது. ஆளில்லாத வேளையிற் பிற்பகற் கடமையும் இரவுக் கடமையும் ஒருவரிடமே வந்து சேருமாயின், அது இடையறாத 18 மணித்தியாலமாகும்.

உடல் கூறும் சாட்சியம்

மனித உடல் சூரியனுக்குக் கட்டுப்பட்டது. உடல் வெப்பம், சுரப்புக்கள், விழிப்பு ஆகியன 24 மணித்தியால ஒழுங்கொன்றைப் பின்பற்றுகின்றன. வைகறைக்கு முற்பட்ட வேளையில் உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து, கவனமும் தீர்ப்பாற்றலும் தளர்கின்றன. மனவுறுதியால் இதனை வெல்லலாம் என்பது வீரவுரை. மனவுறுதி மிக்கவருக்கும் காய்ச்சல் வருவதுபோல, சேவையுணர்வு மிக்கவருக்கும் அதிகாலை 4 மணி வரும்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான டோசனும் றீட்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் மனங்கொள்ளத்தக்கது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனுக்கு ஒப்பாகத் தாழ்கின்றது என அவர்கள் கண்டனர். 24 மணித்தியாலம் விழித்திருந்தவரின் நிலை ஏறத்தாழ 0.10 வீதத்திற்கு ஒப்பாயிற்று. முதலாவது அளவிலேயே வாகனஞ் செலுத்துவதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடைசெய்கின்றன.

இதனை ஒரு தாதியின் நாளோடு பொருத்திப் பார்ப்போம். அவர் காலை 5.30 மணிக்கு எழுகிறார். சமைக்கிறார், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார், முதியோரைக் கவனிக்கிறார். பகலில் உறங்க முயல்கிறார். நமது வீடுகளில் அது இலகுவன்று. மாலை 7 மணிக்குக் கடமையேற்கிறார். பகலுறக்கம் கிட்டாதுபோயின், இரவு 10.30 மணிக்கு அவர் 17 மணித்தியாலம் விழித்திருந்தவராகிறார். அப்பொழுது அவரது கடமையில் மூன்றரை மணித்தியாலம் மட்டுமே கழிந்துள்ளது. எஞ்சியுள்ள எட்டரை மணித்தியாலத்தையும், எந்த நிலையிலிருக்கும் ஒருவரிடம் நாம் வாகனத்தின் சாவியைக் கொடுக்க மறுப்போமோ அந்த நிலையிலிருந்தே அவர் கழிக்கவேண்டும். அவரிடம் நாம் கொடுப்பது வாகனத்தின் சாவியையன்று. இன்சுலின் ஏற்றிய ஊசியை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சத்திரசிகிச்சைக்குப் பின் விடுதியொன்றில் இருந்த தந்தையாரின் கட்டிலருகே இக்கட்டுரையாளர் ஓரிரவைக் கழிக்க நேர்ந்தது. அந்நீண்ட விடுதிக்கு இரண்டு தாதியர் இருந்தனர். அதிகாலை நான்கு மணியளவில் அவர்களுள் ஒருவர் மருந்துக் குப்பியொன்றை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்துப் பெயரை வாசித்தார். கட்டிற் சீட்டைப் பார்த்தார். மீண்டும் குப்பியைப் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு அதனைத் தட்டில் வைத்து, வேறொன்றை எடுத்துவந்தார். "கண் இழுக்குது ஐயா, அதுதான் திரும்பத் திரும்பப் பாக்கிறன்" என்று மெல்லச் சொன்னார். முதற் குப்பியில் இருந்தது என்னவென்று நாம் கேட்கவில்லை. தந்தையார் நலமாக வீடு திரும்பினார். அவ்விரவில் அவரைக் காத்தது எந்த நிருவாக ஒழுங்குமன்று. தன் கண்ணையே நம்பாத ஒரு பெண்ணின் மனச்சாட்சி. ஒரு நாட்டின் சுகாதார சேவை அவ்வளவு மெல்லிய நூலிலே தொங்கலாமா என்பதே அன்றுமுதல் எம்மை வருத்தும் வினாவாகும்.

ஆய்வுகள் உணர்த்துவன

இது தனியொருவரின் அனுபவம் என ஒதுக்குவார்க்குப் பெருந்தொகையான சான்றுகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் ஆன் றோஜர்ஸ் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 393 தாதியர் தமது கடமைகளை நாட்குறிப்பிற் பதிவுசெய்தனர். 5,317 கடமைகள் ஆராயப்பட்டன. கடமை நேரம் பன்னிரண்டரை மணித்தியாலமாகவோ அதற்கு மேலாகவோ நீண்டவிடத்துத் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காயிற்று. குறித்த நேரத்திற் கடமையை விட்டு வெளியேறுதல் அருமையாகவே நிகழ்ந்தது என்பதும் அந்நாட்குறிப்புக்களிலிருந்து புலனாயிற்று. பட்டியலிற் பன்னிரண்டு என எழுதப்படுவது விடுதியிற் பன்னிரண்டரையாகவும் பதின்மூன்றாகவும் முடிகிறது என்பதே இதன் பொருள்.

ஐரோப்பாவின் பன்னிரண்டு நாடுகளில் 488 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 31,627 தாதியரிடம் பெறப்பட்ட தரவுகள் 2014இல் வெளியாயின. பன்னிரண்டு மணித்தியாலமும் அதற்கு மேலும் கடமை செய்தோர், எட்டு மணித்தியாலமும் அதற்குக் குறைவாகவும் கடமை செய்தோரைவிடத் தமது விடுதியின் பராமரிப்புத் தரமும் நோயாளர் பாதுகாப்பும் குறைந்துள்ளன என்று கூறும் வாய்ப்புக் கூடுதலாயிருந்தது. செய்யப்படாமல் விடப்பட்ட பணிகளும் அவர்களிடம் மிகுந்திருந்தன. இவ்விறுதி அம்சம் முக்கியமானது. களைத்த தாதி மருந்தைத் தவறாகக் கொடுப்பது அருமையாக நிகழ்வது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காமல் விடுவது, அச்சத்தோடிருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் விடுவது, வீடு செல்பவருக்கு மருந்துண்ணும் முறையை விளக்காமல் விடுவது ஆகியன நாள்தோறும் நிகழ்பவை. இவை எந்த விசாரணைக் குழுவின் முன்னும் வருவதில்லை. படுக்கைப் புண்ணாகவும், வீணான துயராகவும், மீண்டும் வைத்தியசாலைக்கு வரும் நோயாளியாகவுமே இவை வெளிப்படுகின்றன.

தாதியின் உடலுக்கு நேர்வதோ இன்னும் மெதுவாக வெளிப்படுவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உடலின் நாளொழுங்கைக் குலைக்கும் முறைமாற்று வேலையை, மனிதரிற் பெரும்பாலும் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007இற் சேர்த்தது. இரவு வேலை தொடர்பான அம்மதிப்பீட்டினை 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. இரவுப்பணியை உலகினின்று ஒழித்துவிட முடியாது. ஒழிக்கவியலாத தீங்கினை அளவிட்டுப் பகிர்வதே நாகரிக சமூகத்தின் கடன். அதனைச் சிலரின் தோளில் முழுமையாக ஏற்றிவிட்டு மே மாதத்தில் மாலை சூட்டுவது நாகரிகமாகாது.

"அவர்களே விரும்புகின்றனர்"

எதிர்த்தரப்பினரின் வலிமையான வாதத்திற்கு வருவோம். நீண்ட கடமையைத் தாதியரே விரும்புகின்றனர். பயண நாட்கள் குறைகின்றன. ஓய்வு நாட்கள் கூடுகின்றன. மேலதிக நேரத்திற்காக அவர்கள் போட்டியிடுகின்றனர். எனவே இதனைத் தடுப்பது அவர்களது சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. தூர ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவருக்கு வாரத்தில் மூன்று நாள் வருவது ஐந்து நாள் வருவதைக் காட்டிலும் நன்றாகவே தோன்றும்.

ஆயின் விருப்பமும் நலமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 22,000 இற்கு மேற்பட்ட தாதியரிடம் பெற்ற தரவுகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு இம்முரணைத் தெளிவாக்குகிறது. தமது கடமை ஒழுங்கு திருப்தி தருகிறது என்றோர் நூற்றுக்கு எண்பதின்மருக்கும் மேல். அதே கணக்கெடுப்பில், பத்து மணித்தியாலமும் அதற்கு மேலும் கடமை செய்தோர் குறுகிய கடமை செய்தோரைவிட மனச்சோர்வுறவும், தொழிலில் வெறுப்படையவும், வேலையை விட்டு நீங்க எண்ணவும் இரண்டரை மடங்குவரை கூடிய வாய்ப்புடையோராய்க் காணப்பட்டனர். ஒழுங்கை விரும்பினர், அவ்வொழுங்கே அவர்களைத் தேய்த்தது. நீண்ட கடமையின் பயன் ஓய்வு நாளிலே உடனடியாகத் தெரிகிறது. அதன் கேடு ஆண்டுகள் கழித்தே தெரிகிறது. உடனடிப் பயனையும் பிற்காலக் கேட்டினையும் தனியொருவரின் தராசில் இட்டு நிறுக்கச் சொல்லிவிட்டு, முடிவினைச் சுதந்திரம் என்று அழைப்பது சூதாகும்.

நமது நாட்டில் இச்சுதந்திரத்தின் அடிப்படை இன்னும் வெளிப்படையானது. அது சம்பளம். அடிப்படைச் சம்பளத்தில் ஒரு குடும்பம் மாதத்தைக் கடப்பது அரிதாயிருக்கையில், மேலதிக நேரக் கொடுப்பனவு மேலதிகமானதாக இருப்பதில்லை. அதுவே பிள்ளையின் ரியூஷன் கட்டணமாகவும் வீட்டுக் கடனாகவும் அமைந்துவிடுகிறது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை அடுத்து அடிப்படைச் சம்பள உயர்வோடு மேலதிக நேரக் கொடுப்பனவு கணிக்கப்படும் முறையும் மாற்றப்பட்டபோது, தாதியர் சங்கங்கள் எதிர்ப்பில் இறங்கின. களைப்பைப் பற்றி முறையிடுபவர்கள் மேலதிக நேரப் பணத்திற்காகப் போராடலாமா எனச் சிலர் ஏளனம் செய்தனர். இதிலே முரண்பாடு எதுவுமில்லை. தன்னை வருத்தும் வேலையையே தன் பிழைப்பிற்காகக் காத்துநிற்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, அவர் அதனைக் காக்கிறார் என்று நகைப்பது கொடுமை. அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தி மேலதிக நேரத்தைக் குறைப்பது சரியான திசையே. ஆனால் குடும்பத்திற் சேரும் மொத்தத் தொகை குறையாதிருக்கவும், குறைக்கப்பட்ட மணித்தியாலங்களுக்குப் புதிய தாதியர் நியமிக்கப்படவும் வேண்டும். இவ்விரண்டுமின்றிக் கொடுப்பனவை மட்டும் குறைத்தால், அதே களைப்பு குறைந்த விலைக்கு வாங்கப்படும், வேறெதுவும் நிகழாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மருத்துவரும் தாதியரும் நாட்டை விட்டுச் சென்றமை யாவரும் அறிந்ததே. சென்றவரின் கடமை இருப்பவரின் மேல் விழுகிறது; இருப்பவர் களைக்கிறார்; களைத்தவர் தாமும் கடவுச்சீட்டு எடுக்கிறார். பற்றாக்குறையை நீண்ட கடமையால் நிரப்புவது கசியும் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். வளங்குறைந்த நாடு என்ற நியாயம் இவ்விடத்தே தலைகீழாகின்றது. பயிற்றப்பட்ட தாதியை இழப்பதற்குரிய வசதி வளங்குறைந்த நாட்டிற்கே இல்லை.

வரலாறு தரும் பாடம்

எட்டு மணித்தியால உழைப்பு, எட்டு மணித்தியாலப் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியால ஓய்வு என்ற முழக்கத்தை றொபேட் ஓவன் 1817இல் முன்வைத்தார். 1919இல் சர்வதேச தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயமே கைத்தொழில்களில் நாளுக்கு 8, வாரத்திற்கு 48 மணித்தியாலம் என்ற எல்லையை வகுத்தது. நமது நாட்டிலும் 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்திற்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் பாரவூர்திச் சாரதி பொதுவாக நாளொன்றுக்கு 9 மணித்தியாலத்திற்கு மேல் வாகனம் ஓட்டலாகாது. துணி அளப்பவரின் களைப்பையும் பாரவூர்தி ஓட்டுபவரின் களைப்பையும் சட்டம் அறிந்திருக்கிறது. தாதியின் களைப்பை அறிவதில் மாத்திரம் அது தயங்குவதேன்?

இத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. கலிபோர்னியாவில் பெண் தொழிலாளரின் வேலைநேரத்தை நாளுக்கு எட்டு மணித்தியாலமாக வரையறுத்த சட்டம் 1913இல் வைத்தியசாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பயிற்சி பெறும் தாதியர் அதன் பாதுகாப்பைப் பெற்றனர். தேர்ச்சி பெற்ற தாதியரோ அதனின்று விலக்கப்பட்டனர். வைத்தியசாலை நிருவாகம் ஒன்று இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1915இற் சட்டத்தையும் அவ்விலக்கினையும் ஒருங்கே ஏற்றது. இதன் பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. பயிலுநராயிருக்கும்வரை அவள் களைக்கக்கூடிய மனிதப் பிறவி. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அவளது உடலுக்கு எல்லை அற்றுப்போகிறது. தொழிலின் மேன்மையே பாதுகாப்பை மறுக்கும் காரணமாகிவிடுகிறது. நமது மே மாத மேடைகளில் ஒலிப்பதும் இக்குரலின் எதிரொலியே.

யப்பானின் அனுபவம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. அங்கு 1965இல் அரச ஊழியர் தொடர்பான தேசிய அதிகாரசபை, தாதியரின் இரவுக் கடமை மாதத்திற்குச் சராசரி எட்டுக்கு மேற்படலாகாது என்றும், தனியொருவர் இரவுக் கடமை பார்க்கும் வழக்கம் அகற்றப்படல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு காகிதத்தில் உறங்கியது. 1968இல் நீகாத்தா மாகாண வைத்தியசாலைகளின் தாதியர் 'இருவர், எட்டு இரவு' என்ற முழக்கத்தோடு போராட்டத்தில் இறங்கினர். அது நாடெங்கும் பரவியது. உரிமை தீர்ப்பினால் மட்டும் வருவதில்லை, இயக்கத்தினால் வருகிறது என்பதற்கு அது சான்று. ஆயினும் அவ்வெற்றியில் ஒரு துளை இருந்தது. இரவுகளின் எண்ணிக்கைக்கு எல்லை கிடைத்தது. ஓரிரவின் நீளத்திற்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்திற் பல வைத்தியசாலைகளில் இரண்டு கடமைகளாக நாளைப் பகுக்கும் முறை பரவி, ஓரிரவுக் கடமை 16 மணித்தியாலமாக நீண்டது. யப்பானியத் தாதியர் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு கடமை 13 மணித்தியாலத்தினுள் அடங்க வேண்டும் என்றும், இரு கடமைகளுக்கிடையே 11 மணித்தியாலமேனும் இடைவெளி வேண்டும் என்றும் மீண்டும் கோரவேண்டியதாயிற்று. ஒரு பக்கம் மட்டும் அணைகட்டினால் நீர் மறுபக்கம் பாயும் என்பதை நாம் மறத்தலாகாது.

செய்யத்தக்கன

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை. சர்வதேச தொழில் தாபனம் 1977இல் நிறைவேற்றிய தாதியர் பற்றிய விதந்துரையில் வேண்டிய அளவுகள் உள்ளன. நாளாந்த வேலைநேரம் தொடர்ச்சியானதாயும், சட்டமோ கூட்டு உடன்பாடோ வேறு ஒழுங்கை ஏற்படுத்தினாலன்றி, எட்டு மணித்தியாலத்திற்கு மேற்படாததாயும் இருத்தல் வேண்டும். மேலதிக நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது. இரு கடமைகளுக்கிடையே 12 மணித்தியாலமேனும் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என அது கூறுகிறது. விதந்துரை எந்த நாட்டையும் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதில்லை. அதனைச் சட்டமாக்குவது நமது கையிலேயே உள்ளது.

முதற்கண், மேலதிக நேரம் உட்பட எந்தக் கடமையும் 12 மணித்தியாலத்தைத் தாண்டாதிருத்தல் வேண்டும். பதினெட்டு மணித்தியாலக் கடமை விதிவிலக்காகவேனும் அனுமதிக்கப்படலாகாது. பேரனர்த்த வேளை மட்டுமே அதற்குப் புறம்பு. இரண்டாவதாக, இரவைப் பகுக்க வேண்டும். எட்டு மணித்தியாலக் கடமைகள் மூன்றாக நாளைப் பகுத்தால் மாற்றம் இரவு 10 மணியளவில் நிகழும். அந்நேரத்தில் வீடு செல்வதற்கு வைத்தியசாலை வாகனமும், தூரத்திலிருந்து வருவோர்க்குத் தங்குமிடமும் வேண்டும். அம்புலன்சுக்கு எரிபொருள் தேவை என்பதை ஏற்கும் நிருவாகம் இதனையும் ஏற்கலாம். மூன்றாவதாக, இரவுக் கடமையின் நடுவே முறைவைத்து உறங்குவதற்கு நேரமும் இடமும் உரிமையாக வழங்கப்பட வேண்டும். நாற்காலியிற் களவாகக் கண்ணயர்ந்து, மேற்பார்வையாளரின் காலடியோசைக்குத் திடுக்கிட்டெழும் அவலம் தாதிக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை.

நான்காவதாக, தாதியின் வருமானம் அடிப்படைச் சம்பளத்தினின்று வரவேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு வைத்தியசாலையும் தனது தாதியர் உண்மையிற் பணிபுரிந்த மணித்தியாலங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2.8 பேர் 4.2 பேரின் வேலையைச் செய்யும் உண்மை அப்பொழுதே வெளிச்சத்திற்கு வரும். தவறு நேரும்போது எந்தத் தாதி செய்தார் என்று மட்டும் வினவாது, எத்தனையாவது மணித்தியாலத்திற் செய்தார் என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா ஒருவரைத் தண்டிக்க உதவும். இரண்டாவது வினாவே அடுத்த தவறைத் தடுக்க உதவும்.

குறுகிய கடமையிலும் குறைகள் உள்ளன. கடமை மாற்றம் கூடுந்தோறும் செய்தி தவறும் இடங்களும் கூடும். அதனைச் சீரான ஒப்படைப்பால் திருத்தலாம். அதற்கு அந்த அரை மணித்தியாலத்தை மீட்டுக்கொடுத்தாற் போதும். களைப்பைத் திருத்துவதற்கு உறக்கத்தைத் தவிர வேறு மருந்து இல்லை.

விளக்கேந்திய சீமாட்டி எனப் போற்றப்படும் நைற்றிங்கேல் அம்மையாரின் மற்றொரு முகத்தை நாம் மறந்துவிட்டோம். கிரிமியப் போரில் வீரர்கள் காயங்களால் மாண்டதைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டதே அதிகம் என்பதை அவர் எண்களாலும் வரைபடங்களாலும் நிறுவினார். 1858இல் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. வீரரின் மரணத்தைத் தியாகமென்று பாடிக்கொண்டிருந்த அதிகாரிகளின் முன் அவர் கணக்கேட்டை விரித்து வைத்தார். அவரது விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கேட்டைக் கைவிட்டோர் அவரைப் போற்றுபவராகார்.

அடுத்த மே 12இலும் விளக்குகள் ஏற்றப்படும். ஏற்றுவோர் ஏற்றட்டும். அதே மேடையில், அவ்வைத்தியசாலையின் தாதியர் கடந்த ஆண்டிற் பணிபுரிந்த மணித்தியாலங்களின் கணக்கும் வாசிக்கப்படல் வேண்டும். அதனை வாசிக்கத் துணியாதவர்க்குத் தியாகத்தைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை.